அன்றாட உணவும் நோயற்ற வாழ்வும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் ஆன்றோர். ஆலயத்தை நாடி வரும் அடியார்களில் பெரும்பாலானோர் இறைவனிடம் முதலில் வேண்டுவது உடற்சுகத்தையே ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவேண்டும், தாயாரின் கால்வலி தீரவேண்டும், வைத்தியசாலையில் இருப்பவர் சுகமாக வீடு திரும்பவேண்டும் என்ற வேண்டுதல்களோடுதான் அர்ச்சனைத் தட்டுகள் மூலஸ்தானத்தின் முன் வந்து சேர்கின்றன.

உடம்பைப் பேணுதல் சைவ நெறிக்குப் புறம்பான காரியமன்று. உடம்பை ஒரு காலத்தில் இழிவானதாக எண்ணியிருந்து, அதனுள்ளே இறைவன் எழுந்தருளியிருப்பதை உணர்ந்த பின்னர் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூல நாயனார் திருமந்திரத்தில் அருளியுள்ளார். ஆலயத்தைத் துப்புரவாக வைத்திருப்பது எவ்வாறு தொண்டாகுமோ, அவ்வாறே இறைவன் குடியிருக்கும் இவ்வுடம்பைக் காப்பதும் தொண்டாகும்.

உணவே மருந்து என்ற தொடர் இக்காலத்தில் எங்கும் ஒலிக்கின்றது. பத்திரிகை, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகிய யாவற்றிலும் ஏதாவதொரு கைமருந்து நாளாந்தம் சொல்லப்படுகின்றது. அவற்றுள் முழு உண்மையும் உண்டு, அரை உண்மையும் உண்டு, உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. அடுக்களையில் உள்ள எந்தப் பொருள் எதற்கு உதவும், எவ்வளவு கொள்ளலாம், எந்த இடத்தில் கைமருந்தை விட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பவற்றை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

திருவள்ளுவர் காட்டிய முறை

திருக்குறளில் மருந்து என்னும் பெயரில் ஓர் அதிகாரம் உண்டு. அது 95 ஆவது அதிகாரமாகும். மருந்து என்ற தலைப்பைக் கண்டு மூலிகைகளின் பெயர்களை அங்கே தேடுவோர் ஏமாற்றமடைவர். பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் ஒரு மூலிகையின் பெயர் கூறப்படவில்லை. முதல் ஏழு குறள்களும் மிகுதி குறைவால் வரும் கேட்டையும் உண்ணும் முறையையும் பற்றியவை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்ணல், பசித்த பின் உண்ணல், உடலுக்கு ஒவ்வாததை விலக்கல், அளவறிந்து உண்ணல் என்பனவே அங்கு வற்புறுத்தப்படுகின்றன. மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் வரும் என்பதே அவ்வதிகாரத்தின் தொடக்கமாகும்.

இறுதி மூன்று குறள்களும் நோய் வந்த பின் செய்யவேண்டியதைக் கூறுகின்றன. நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்தல், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதுதல் ஆகியவை வைத்தியரின் கடமைகளாக அங்கே வகுக்கப்பட்டுள்ளன. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே வைத்தியம் என்று அவ்வதிகாரம் நிறைவுறுகின்றது.

நோய் வராமற் காப்பது உணவின் வேலை, வந்த நோயை ஆராய்ந்து தீர்ப்பது வைத்தியரின் வேலை என்ற பகுப்பு இதனால் தெளிவாகின்றது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதனாலேயே இன்று பல குடும்பங்கள் துன்பப்படுகின்றன.

இறக்கக்கண்டி மண்ணும் உணவும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, கடலையும் களப்பையும் அண்டி அமைந்த மணற்பாங்கான கிராமம் இறக்கக்கண்டி. கடற்றொழிலும் தோட்டச் செய்கையும் இப்பகுதியின் சீவனோபாயங்கள். சின்ன வெங்காயம் இம்மண்ணுக்கு உகந்த பயிர். முருங்கையும் பனையும் அதிக பராமரிப்பின்றியே வளரக் கூடியவை.

முற்காலத்தில் குரக்கன் பிட்டு, தவிடு நீக்காத அரிசிச் சோறு, பழஞ்சோறும் மோரும், முருங்கையிலை வறை, ஒடியற்கூழ், பயற்றங்கஞ்சி ஆகியவை சாதாரண உணவுகளாக இருந்தன. கடலிலும் வயலிலும் பாடுபட்ட உடம்புக்கு அவை போதுமானவையாகவும் பொருத்தமானவையாகவும் அமைந்தன. போர்க்கால இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26 இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையும் இக்கரையோர மக்களின் வாழ்க்கையோடு உணவையும் மாற்றின. முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்த மாவும் சீனியும் பருப்புமே பலருக்கு அன்றாட உணவாயின. முகாம் வாழ்க்கை முடிந்தும் அப்பழக்கம் முடியவில்லை. காலையில் பாண், பத்து மணிக்கு பிஸ்கற்றும் சீனி கூடிய தேநீரும், இரவில் கோதுமை மா ரொட்டி என்ற ஒழுங்கு பல வீடுகளில் நிலைத்துவிட்டது. உழைப்புக் குறைந்து இனிப்புக் கூடிய இடத்தில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வந்து சேர்ந்தன.

இலங்கையில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவும் அதற்கு முந்திய நிலையும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் காணப்பட்டன. அதன் பின்னர் அத்தொகை கூடியதேயன்றிக் குறையவில்லை.

அடுக்களைச் சரக்குகள்

சரக்குப் பெட்டி இல்லாத தமிழ் வீடு இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு ஆகியவற்றை அரைத்துச் சரக்குக்கறி வைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. சித்திரைப் புத்தாண்டில் ஆலயத்தில் வழங்கப்படும் மருத்துநீரிலும் மஞ்சள், மிளகு, சுக்கு, துளசி, வில்வம், அறுகு முதலியவை சேர்கின்றன.

மல்லியும் வேர்க்கொம்பும்: தடிமன், இலேசான காய்ச்சல், உடல் உளைவு ஆகியவற்றுக்கு மல்லித்தண்ணீர் கொடுப்பது இந்நாட்டுத் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவான வழக்கம். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இலேசாக வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, மூன்று குவளை நீர் பாதியாக வற்றும்வரை காய்ச்சி இளஞ்சூட்டுடன் பருகலாம். மல்லி, இஞ்சி, பற்பாடகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்த பொதி பஸ்பங்குவ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கின்றது. சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கும். உடலில் நீர் குறையாமலும் காக்கும். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பது ஆய்வுகளாலும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.

ஆயினும் இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மல்லித்தண்ணீரை நம்பியிருத்தல் கூடாது. 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் காவுகொண்டது. அவ்வாண்டில் நாடு முழுவதும் 180,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டனர். காய்ச்சல் விட்டது போலத் தோன்றும் நாளிலேயே டெங்கின் ஆபத்து ஆரம்பமாகலாம். அக்காலத்தில் பப்பாசி இலைச்சாறு குடித்துவிட்டு வீட்டில் படுத்திருப்பது பேராபத்தானது. குருதிப் பரிசோதனை செய்து வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பதே தகும்.

மஞ்சள்: மஞ்சளின் பெருமை உலகம் அறிந்தது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டிமார் அறிந்த முறைக்குப் புதிதாக உரிமை கோர முடியாது என்று இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதிட்டது. 1997 இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பொருள் தனியாக உண்ணப்படும்போது உடலில் மிகக் குறைவாகவே சேரும். அதனுடன் மிளகின் காரப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஏறத்தாழ இருபது மடங்கு கூடுதலாகக் குருதியில் சேர்ந்ததாக 1998 இல் வெளியான பெங்களூர் வைத்தியக் கல்லூரி ஆய்வொன்று காட்டியது. மஞ்சளையும் மிளகையும் சேர்த்தரைத்துக் கறி வைத்த முன்னோரின் கைப்பக்குவம் இங்கே நினைக்கத்தக்கது.

உள்ளி: குருதியமுக்கத்தைச் சிறிதளவு குறைக்கும் இயல்பு உள்ளிக்கு உண்டு. கறியிலும் இரசத்திலும் சேரும் அளவு யாவருக்கும் உகந்தது. குருதி உறையாமல் இருப்பதற்காகக் குளிசை எடுப்போரும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோரும் பச்சை உள்ளியை அதிகமாக உண்ணலாகாது. அவ்வாறு உண்டு வந்திருந்தால் வைத்தியரிடம் அதனைச் சொல்லவேண்டும்.

வெந்தயம்: ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் உண்பது நல்ல வழக்கம். அதிலுள்ள கொழகொழப்பான நார்ப்பொருள் உணவிலுள்ள இனிப்பு குருதியில் சேரும் வேகத்தைத் தணிக்கும். மலச்சிக்கலுக்கும் உகந்தது. கர்ப்பிணித் தாய்மார் கறிக்குச் சேர்க்கும் அளவுக்கு மேல் வெந்தயம் எடுக்காதிருத்தல் நன்று.

கீரையும் நெல்லியும்

வேலியோரத்து முருங்கையைவிட மலிவான சத்துணவு வேறில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவகம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையின்படி, 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதேயளவு முருங்கையிலையில் 440 மில்லிகிராமும் அகத்தியிலையில் 1,130 மில்லிகிராமும் உள்ளன. கீரையிலுள்ள கல்சியம் முழுவதும் உடலில் சேராது என்பது உண்மையே. எனினும் பால்மா வாங்க வசதியற்ற வீட்டுக்கு இது பெரும் உதவியாகும். கண்ணுக்கு அவசியமான விற்றமின் ஏ சத்தும் முருங்கையிலையில் நிறைய உண்டு.

கீரையிலுள்ள இரும்புச்சத்து இலகுவில் உடலில் சேர்வதில்லை. தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் அது நன்கு உறிஞ்சப்படும். வறையை இறக்கிய பின் தேசிக்காய் பிழிவதன் பயன் அதுவே. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதால் அவ்விரும்புச்சத்து வீணாகின்றது. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி இருத்தல் வேண்டும். குருதிச்சோகை உள்ள தாய்மாரும் வளரும் பெண்பிள்ளைகளும் இதனைக் கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் இவ்விதி பொருந்தும்.

வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் காலை உணவுக்கு உகந்தவை. வல்லாரை ஈரத்தரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்வதால், அழுக்கு நீர் பட்டதாக இருக்கலாம். பச்சையாக உண்ணும் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலமுறை நல்ல நீரில் அலசிய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

விரதமும் பாரணையும்

ஏகாதசியன்று உபவாசம் இருந்தோர் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொள்வது மரபு. மேற்கூறிய அட்டவணையின்படி 100 கிராம் நெல்லியில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வெறும் வயிற்றுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதையும் சிந்தித்தே அம்மரபு வகுக்கப்பட்டது போலும்.

கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் ஒருவேளை உணவுடன் இருப்போரும், மிளகும் நீரும் மட்டும் கொள்வோரும் உளர். உடல்வலு உள்ளோருக்கு அது பொருந்தும். நீரிழிவுக் குளிசையோ ஊசியோ எடுப்பவர், அம்மருந்தை எடுத்துவிட்டு உண்ணாமல் இருந்தால் குருதியிலுள்ள சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். உடல் வியர்த்தல், கை நடுக்கம், தலைச்சுற்று, தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். ஆலயத்தில் ஒருவர் அவ்வாறு தளர்ந்தால், நினைவு இருக்கும்போதே சீனித்தண்ணீரோ பஞ்சாமிர்தமோ கொடுத்து உடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது.

நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோர் பாலும் பழமும் கொண்டு விரதத்தைச் சுருக்கிக்கொள்வதை எவரும் குறையாகக் கருதவேண்டியதில்லை. விரதம் தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னதாகவே வைத்தியரைக் கேட்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் ஒழுங்குபடுத்திக்கொள்வது உசிதமானது. இறைவன் வேண்டுவது அன்பையே.

உப்பும் சீனியும் உயிர் காத்த வரலாறு

உணவு மருந்தாகும் என்பதற்கு உலகம் அறிந்த தலைசிறந்த சான்று உப்பும் சீனியுமே ஆகும். 1971 இல் வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அங்கு பணியாற்றிய வைத்தியர் திலிப் மகலநாபிஸ், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவில் கரைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் பருகக் கொடுப்பித்தார். நூற்றுக்கு 20 முதல் 30 வரையில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது.

வாந்திபேதியின்போது குடல் வெறும் நீரையும் உப்பையும் நன்கு உறிஞ்சாது. குளுக்கோசு உடன் இருந்தால் உப்பையும் அதனோடு நீரையும் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்நாட்டில் ஜீவனி என்ற பெயரில் கிடைக்கும் பொதியின் அடிப்படை இதுவேயாகும். ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கவேண்டும். ஜீவனி கைவசம் இல்லாதபோது, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு; சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிதல், சிறுநீர் குறைதல், மலத்துடன் இரத்தம் போதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் ஆகியவை கண்டால் தாமதமின்றி வைத்தியசாலை செல்லவேண்டும்.

அளந்து கொடுத்ததனால் உப்பும் சீனியும் பல இலட்சம் உயிர்களைக் காத்தன. அளவின்றி உண்பதனால் அதே உப்பும் சீனியும் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் கூட்டுகின்றன. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது ஒரு மட்டத் தேக்கரண்டி அளவாகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கிலேயே சேரும்.

அளவு மீறினால்

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற எண்ணம் தவறானது. பிலிங்காய் எனப்படும் பிலிம்பிக்காய் கொலஸ்ரோலைக் குறைக்கும் என்ற செய்தியை நம்பி அதன் சாற்றை நாளாந்தம் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதடைந்ததைக் கேரள வைத்தியர்கள் 2013 இல் பதிவு செய்துள்ளனர். காமரங்கா எனப்படும் தாமரத்தங்காயை உண்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரைப் பற்றி இலங்கை வைத்தியர்களும் 2015 இல் எழுதியுள்ளனர். இவற்றின் புளிப்புக்குக் காரணமான ஒட்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் மணிகளாகப் படிவதே இதன் காரணம். கறிக்குப் புளியாகச் சிறிதளவு போடுவது வேறு. வெறும் வயிற்றில் குவளைக் கணக்கில் சாறு குடிப்பது வேறு. பதவிசிறிபுர போன்ற இம்மாவட்டப் பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் நிலையில் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. சிறுநீரக நோயாளிகள் தாமரத்தங்காயை அறவே தொடலாகாது. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதியாதலால், வைத்தியரைக் கேட்காமல் அவர்கள் அதனைப் பருகுவதும் தகாது.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் தவிர்க்கப்பட வேண்டியது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அவ்வயதுக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

2020 டிசம்பரில் கேகாலைப் பகுதியில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்று கொரோனா நோயைத் தடுக்கும் என்று சொல்லப்பட்டது. அதன் செய்முறையைக் காளியன்னையே அருளியதாகவும் கூறப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு வரிசையில் நின்றனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அமைச்சர் ஒருவருக்கே 2021 ஜனவரியில் அந்நோய் தொற்றியது. தேனும் நல்லது, சாதிக்காயும் நல்லது. ஆனால் அளந்து பார்த்து நிரூபிக்கப்படாத ஒன்றை அன்னையின் பெயரால் மருந்தென்று நம்புவது பக்தியாகாது.

நீரிழிவும் கைமருந்தும்

கிராமங்களில் அடிக்கடி காணப்படும் நிலை ஒன்றுண்டு. கிளினிக்கில் நீரிழிவுக் குளிசை எடுத்து வந்தவர், அயலவர் சொல்லக் கேட்டுப் பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்குவார். சில நாட்களில் உடம்பு இலேசாக இருப்பதாகத் தோன்றும். குளிசையை நிறுத்துவார். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். குருதியில் சீனி கூடுவது பல மாதங்களுக்கு வெளியே தெரியாது. தெரியவரும்போது காலில் ஆறாத புண்ணாகவோ, கண்பார்வை மங்கலாகவோ, சிறுநீரகப் பாதிப்பாகவோ அது வந்து நிற்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கைமருந்தை மட்டும் நம்பத் தொடங்கிய சிலர், மருந்து கிடைத்த பின்னரும் பழையபடி கிளினிக்குக்குத் திரும்பாமல் இருக்கக்கூடும். அத்தகையோரை மீண்டும் செல்லத் தூண்டுவது உற்றார் உறவினரின் கடமையாகும்.

பாகற்காயையும் குறிஞ்சா இலையையும் கறியாகவும் சம்பலாகவும் தாராளமாக உண்ணலாம். சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சிறிது நேரத்துக்குச் சீனியின் இனிப்பே நாவுக்குத் தெரியாது. அவை குளிசைக்குத் துணையாகலாமே தவிர, குளிசையின் இடத்தைப் பிடிக்க மாட்டா. சாறாகவோ தூளாகவோ மிகுதியாக எடுத்தால் குளிசையுடன் சேர்ந்து சீனி அளவு மிகவும் இறங்கிவிடவும் கூடும். குரக்கன் நல்ல தானியம் என்றாலும் அதுவும் மாச்சத்தே. கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிடப் பிட்டாக, அளவாக, கீரைக்கறியுடன் உண்பதே நீரிழிவாளருக்கு ஏற்றது.

ஆலயத்தொடு தொடர்புடைய மற்றொரு விடயமும் உண்டு. நீரிழிவாளரின் கால் மரத்துப்போயிருக்கும். வெறுங்காலுடன் வீதி வலம் வரும்போது சுடுமணலோ, முள்ளோ, போத்தல் துண்டோ பட்டால் அவர் உணரமாட்டார். காவடி எடுப்போரும் பிரதட்டை செய்வோரும் வீடு சென்றதும் உள்ளங்காலைக் கழுவி, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தம்மால் குனிந்து பார்க்க முடியாத முதியோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லவேண்டும். காலுணர்ச்சி குறைந்தோர் தீமிதிப்பைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆலயமும் அடியார்களும் செய்யத்தக்கவை

ஆலயத்தில் வழங்கப்படும் பிரசாதம் சிறிதளவாயினும் நிறைந்த அருளுடையது. சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி ஏற்று, மீதியை வீட்டிலுள்ளோருடன் பகிர்வதால் அருள் குறையாது. அன்னதானத்தில் தவிடு நீக்காத அரிசிச் சோறும் ஒரு கீரைக்கறியும் சேர்த்துக்கொள்ளலாம். திருவிழாக் காலத் தண்ணீர்ப் பந்தலில் சீனி கரைத்த வர்ணச் சர்பத்துக்குப் பதிலாக இஞ்சி, கறிவேப்பிலை, சிறிதளவு உப்புச் சேர்ந்த மோர் கொடுத்தால் சித்திரை வைகாசி வெயிலுக்கு அது மிகப் பொருத்தமாக அமையும். அவ்விடத்தில் பத்து ஜீவனிப் பொதிகளையும் வைத்திருப்பது நன்று.

ஆலய வளவில் முருங்கை, அகத்தி, நெல்லி, தேசி, கறிவேப்பிலை ஆகியவற்றை நாட்டி, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலையைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்கலாம். மூத்தோரின் மறைவுடன் இவ்வறிவும் மறைந்துவிடாதிருக்க அது வழிவகுக்கும். முறையான சித்த வைத்தியத்தை நாடுவோர், அதனைக் கற்றுப் பதிவுபெற்ற வைத்தியரையே நாடவேண்டும். நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுவது இப்பகுதிக்குக் கிடைத்த பேறாகும். எந்த வைத்தியரிடம் சென்றாலும், வேறு என்ன மருந்தும் கைமருந்தும் எடுக்கப்படுகின்றன என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

பசித்த பின் அளவோடு உண்ணல், நாளொன்றுக்கு ஒரு கீரை, சீனியும் உப்பும் குறைத்தல், உணவோடு தேநீரைத் தவிர்த்தல், கிளினிக் நாளைத் தவறவிடாமை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு குடும்பமும் நியமமாகக் கைக்கொண்டால் பல நோய்கள் வாசற்படி ஏறா. ஏறியவையும் கட்டுக்குள் நிற்கும். திருவள்ளுவர் கூறியபடி உண்பதில் அளவறிந்து, நோயில் வைத்தியரை அறிந்து, இறைவன் குடியிருக்கும் உடம்பாகிய ஆலயத்தைக் காத்து, இறக்கக்கண்டி வாழ் அடியார்கள் யாவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.